முத்தம் இல்லாத ஸ்னோ ஒயிட்

ஸ்னோ ஒயிட்டை இளவரசன் முத்தமிட்டு எழுப்பினான் என்றுதான் நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். ஜெர்மனியின் கிரிம் சகோதரர்கள் தொகுத்த கதைப் புத்தகத்தில் அந்த முத்தம் கிடையாது. அதில் இளவரசன் குள்ளர்களிடம் கெஞ்சிக் கண்ணாடிச் சவப்பெட்டியை வாங்கிக்கொள்கிறான். வேலையாட்கள் அதைத் தோளில் சுமந்து போகிறார்கள். வழியில் ஒரு புதர் காலைத் தடுக்க, பெட்டி குலுங்குகிறது. தொண்டையில் சிக்கியிருந்த விஷ ஆப்பிள் துண்டு வெளியே வந்து விழுகிறது. அவள் கண் விழிக்கிறாள். அவ்வளவுதான். உலகம் முழுக்கத் தெரிந்த அந்த முத்தம் 1937இல் வால்ட் டிஸ்னியின் முதல் முழுநீள அனிமேஷன் படத்தோடு வந்தது. அரசி புரட்டும் மந்திரப் புத்தகத்திலேயே மாற்று மருந்து எழுதியிருக்கும்: காதலின் முதல் முத்தம்.

தவளை இளவரசன் கதையும் அப்படித்தான். கிரிம் தொகுப்பின் முதல் கதை அது. இளவரசி தவளையை முத்தமிடுவதே இல்லை. கோபம் தலைக்கேறி அதைத் தூக்கிச் சுவரில் அடிக்கிறாள். அடிபட்டு விழும்போதுதான் அது இளவரசனாகிறது.

டிஸ்னி கெடுத்துவிட்டது என்று சொல்வதற்காக இதை எடுக்கவில்லை. தேவதைக் கதைகளைப் புதிதாகச் சொல்லும் படமோ நாவலோ வரும்போதெல்லாம் ஒரு சண்டை கிளம்புகிறது. மூலக்கதையைச் சிதைத்துவிட்டார்கள் என்று ஒரு தரப்பு வருத்தப்படுகிறது. பழைய கதை பெண்களை அடக்கி வைக்கிறது, மாற்றத்தான் வேண்டும் என்று இன்னொரு தரப்பு சொல்கிறது. எங்கோ அசையாத ஒரு மூலக்கதை இருக்கிறது என்று இரண்டு தரப்புமே நம்புகின்றன. பல ஆண்டுகளாக இந்தக் கதைகளைத் தேடிப் படித்ததில் எனக்குக் கிடைத்தது வேறு: ஒவ்வொரு கதையிலும் ஒரு முடிச்சு இருக்கிறது, ஒவ்வொரு தலைமுறையும் அந்த முடிச்சை அவிழ்த்துத் தனக்குப் பிடித்த மாதிரி திரும்பப் போட்டுக்கொள்கிறது. தூங்குகிற பெண்ணின் கதையில் முடிச்சு, அவளை எழுப்புவது எது என்பது. அந்த ஒன்றை மட்டும் பின்தொடர்ந்து போனாலே நானூறு ஆண்டு வரலாறு கையில் வந்துவிடும்.

தூங்கும் அழகியின் அச்சில் வந்த பழைய வடிவங்களில் ஒன்று, நேப்பிள்ஸ் எழுத்தாளர் ஜாம்பத்திஸ்தா பசீலேயின் தொகுப்பில் இருக்கிறது. அவர் இறந்த பிறகு, 1634க்கும் 1636க்கும் இடையில் வெளிவந்த புத்தகம் அது. டாலியா என்ற பெண்ணின் நகத்துக்கடியில் ஆளி நாரின் சிராய் ஒன்று ஏற, பிணம்போல விழுந்துவிடுகிறாள். வேட்டைக்கு வந்த அரசன் அவளைப் பார்க்கிறான். கூப்பிட்டுப் பார்க்கிறான், அசைவில்லை. அந்த நிலையிலேயே அவளோடு உறவுகொண்டுவிட்டுத் தன் நாட்டுக்குத் திரும்புகிறான். அவளை மறந்தும் போகிறான். ஒன்பது மாதம் கழித்து, தூக்கத்திலேயே அவளுக்கு இரட்டைக் குழந்தைகள் பிறக்கின்றன. பால் தேடும் குழந்தைகளில் ஒன்று மார்பு கிடைக்காமல் விரலைச் சப்புகிறது. சிராய் வெளியே வந்துவிடுகிறது. அவளை எழுப்பியது அவள் பெற்ற பிள்ளை.

இன்றைக்கு நாம் அதைப் பாலியல் வன்முறை என்போம். பசீலே அந்த அரசனைக் கண்டிப்பதே இல்லை. அவனுக்கு ஏற்கெனவே மனைவி இருக்கிறாள்; ஆத்திரத்தில் குழந்தைகளைக் கொன்று சமைக்கச் சொல்லும் அவள்தான் கதையில் வில்லி, கடைசியில் தீயில் வேகிறவளும் அவள்தான். சமையல்காரன் குழந்தைகளை ஒளித்துவைத்துக் காப்பாற்றிவிடுகிறான்.

1697இல் பிரான்சின் சார்ல் பெரோ இதே கதையைக் கையில் எடுத்தபோது முடிச்சை முழுதாக மாற்றிப் போட்டார். அவருடைய இளவரசன் சரியாக நூறு ஆண்டு முடிகிற நேரத்துக்கு வந்து சேர்கிறான். நடுங்கிக்கொண்டே அவள் பக்கத்தில் மண்டியிடுகிறான். சாபத்தின் கெடு முடிந்துவிட்டதால் அவள் தானாகவே கண் திறந்து, ரொம்பக் காக்க வைத்துவிட்டீர்களே என்கிற தொனியில் பேச்சைத் தொடங்குகிறாள். தொடுதலே இல்லை. எழுப்பியது காலம். பசீலேயின் பொறாமைக்கார மனைவி இங்கே மனித இறைச்சி தின்னும் மாமியாராக மாறிவிடுகிறாள்.

முத்தம் கிரிம் வடிவத்தில்தான் சேர்கிறது. அவர்களின் முள்ரோஜா கதையில் நூறு ஆண்டு நிறைவடைகிற அதே நாளில் இளவரசன் வருகிறான்; முள்வேலி பூக்களாகி வழி விடுகிறது; அவன் குனிந்து முத்தமிடுகிறான், அவள் விழிக்கிறாள். எழுப்பியது முத்தமா, முடிந்துபோன நூறு ஆண்டா என்று கிரிம் புத்தகத்தை வைத்துத் தீர்மானமாகச் சொல்ல முடியாது. 1959இல் டிஸ்னி எடுத்த ‘ஸ்லீப்பிங் பியூட்டி’ படம் அந்தச் சந்தேகத்தைத் தீர்த்துவைத்தது. நூறு ஆண்டை எடுத்துவிட்டு, முத்தம் ஒன்றுதான் மருந்து என்று வைத்தது. யாரோ ஒருவன் வந்து முத்தமிடுவதாக இருக்கக் கூடாது என்ற கவனமும் அதில் தெரிகிறது: இருவரும் முன்னமே காட்டில் சந்தித்துப் பாடி ஆடிவிடுகிறார்கள். ஆனால் அந்தப் படத்தின் அழகி கண் விழித்த பிறகு ஒரு வார்த்தைகூடப் பேசுவதில்லை. பெரோவின் அழகியாவது வாய் திறந்தாள்.

வன்முறையில் தொடங்கியது மண்டியிடுதலாகி, அப்புறம் முத்தமாகிவிட்டது. ஒவ்வொருவரும் தங்கள் காலத்துக்குக் கூசுகிற இடத்தைத் துடைத்திருக்கிறார்கள். இருந்தாலும் துடைக்கப்படாத ஒன்று மிச்சம் இருந்தது. தூங்குகிறவளிடம் யாரும் சம்மதம் கேட்க முடியாது என்பதுதான் அது. கடந்த 25 ஆண்டுகளின் பெரிய படங்கள் திரும்பத் திரும்ப இந்த இடத்துக்கே வந்து நிற்கின்றன.

2001இல் வந்த ‘ஷ்ரெக்’ படத்தில் முத்தம் வேலை செய்கிறது, ஆனால் எதிர்பார்த்த திசையில் இல்லை. அழகான இளவரசி அழகாகவே நிலைத்துவிடுவாள் என்று பார்த்தால், அவள் பச்சை நிற ராட்சசியாக நிலைக்கிறாள், அதுவே அவளுடைய உண்மை உருவம் என்கிறது படம். 2013இன் ‘ஃப்ரோசன்’ இளவரசனையே அயோக்கியனாக்கியது. உறைந்துகொண்டிருக்கும் தங்கை முத்தத்துக்காக அவனிடம் போக, அவன் மறுத்துவிடுகிறான். அவள் அக்காவைக் காக்கத் தன்னையே குறுக்கே நிறுத்துவதுதான் கடைசியில் பனியை உருக்குகிறது. இந்தப் படம் டென்மார்க் எழுத்தாளர் ஆண்டர்சனின் ‘பனி அரசி’ கதையை விட்டு வெகுதூரம் போய்விட்டது என்பார்கள். நிகழ்ச்சிகளைப் பார்த்தால் அது சரிதான். ஆனால் 1844இல் வந்த அந்தக் கதையிலும் உறைந்துபோன பையனை மீட்டெடுப்பது கூட வளர்ந்த கெர்டா என்ற சிறுமி. அவளுடைய சுடுகண்ணீர் அவன் நெஞ்சில் விழுந்துதான் பனி கரைகிறது. இளவரசனுக்கு அங்கே வேலையே இல்லை. சம்பவங்கள் எல்லாம் மாறியும் முடிச்சு பழைய இடத்துக்கே வந்து சேர்ந்துவிட்டது. அக்கா எல்சாவை முதலில் வில்லியாகத்தான் எழுதி வைத்திருந்தார்கள். அவளுக்கான பாட்டு தயாரானதும், இவள் வில்லியாக இருக்க முடியாது என்று தெரிந்து திரைக்கதையைத் திருத்தினார்கள். ஒரு பாட்டு கதையின் தலையெழுத்தை மாற்றிய இந்தச் செய்தி எனக்கு ரொம்பப் பிடித்தமானது.

அடுத்த ஆண்டே ‘மெலிஃபிசென்ட்’ வந்தது. இதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். சாபம் கொடுத்தவளின் பக்கமிருந்து சொல்லப்படும் தூங்கும் அழகி கதை இது. அவள் நம்பிய ஆண் அவளுக்கு மயக்க மருந்து கொடுத்துத் தூங்க வைத்து, தூக்கத்தில் அவள் சிறகுகளை அறுத்து எடுத்துக்கொண்டு போகிறான். காலையில் அவள் எழுந்து முதுகைத் தடவிப் பார்க்கிறாள். பிறகு ஓர் அலறல். அந்தக் காட்சி பாலியல் வன்முறையை மனத்தில் வைத்தே உருவானது என்று அதில் நடித்த ஏஞ்சலினா ஜோலி வெளிப்படையாகவே சொல்லியிருக்கிறார். பசீலேயின் கதையில் தூங்கிக்கொண்டிருந்தவளுக்கு நடந்தது, 380 ஆண்டுகளுக்குப் பிறகு, இன்னொரு பெண் பாத்திரத்தின் முதுகில் திரும்பி வந்திருக்கிறது. இந்த முறை அதைக் குற்றமாகவே காட்டுகிறது கதை. சாபத்தை முறிக்கும் முத்தமும் மாறியிருக்கிறது. இளவரசன் தயங்கித் தயங்கிக் கொடுக்கும் முத்தத்தில் எதுவும் நடப்பதில்லை. சாபமிட்டவளே மனம் உடைந்து, இனி எழ மாட்டாள் என்று நினைத்துக்கொண்டு நெற்றியில் கொடுக்கும் முத்தத்தில் பெண் விழிக்கிறாள். திரைக்கதை எழுதியவர் லிண்டா உல்வர்ட்டன். 1991இன் டிஸ்னி ‘பியூட்டி அண்ட் தி பீஸ்ட்’ படத்தையும் அவர்தான் எழுதினார். மிருகத்தை மனிதனாக்கும் காதலை எழுதிய அதே பேனா 23 ஆண்டு கழித்து இந்த முத்தத்தை எழுதியது.

இங்கேயே ஒரு குறையையும் சொல்லிவிடுகிறேன். ‘மெலிஃபிசென்ட்’ நன்றாக வந்தது, அந்தக் காயம் முடிச்சோடு சேர்ந்த காயம் என்பதால். அதற்கப்புறம் வில்லிக்கு ஒரு சோகக் கடந்தகாலம் கொடுப்பதே புதுமை என்ற பழக்கம் பரவிவிட்டது. எல்லாப் பொல்லாத மனிதருக்கும் ஒரு பழைய காயத்தைக் காட்டிவிட்டால், கதையில் யாருக்கும் யாரிடமும் பயம் இருக்காது. கிரிம் கதையில் கண்ணாடி முன் நிற்கும் அரசி பயமுறுத்துவது, அவளுடைய பொறாமைக்கு எந்த விளக்கமும் இல்லாததால்தான். அவளுக்குப் பசிபோல அது வருகிறது. குழந்தையாக இருக்கும்போது காரணமில்லாத கோபத்தைப் பெரியவர்களிடம் பார்க்காதவர் யார்? அந்த அனுபவத்துக்கு வடிவம் கொடுத்தது அந்த அரசிதான். அவளுக்கு ஒரு காரணத்தைக் கொடுத்தால், கேட்கும் குழந்தையிடமிருந்து அந்த வடிவத்தைப் பிடுங்கிக்கொள்கிறோம்.

அந்த அரசி விஷயத்தில் கிரிம் சகோதரர்களே கை வைத்திருக்கிறார்கள். 1812இல் வந்த முதல் பதிப்பில் ஸ்னோ ஒயிட்டைக் கொல்லத் துடித்தது மாற்றாந்தாய் இல்லை, பெற்ற தாய். 1819 பதிப்பிலிருந்துதான் அவள் மாற்றாந்தாயானாள். ஹான்சல், கிரெட்டல் இருவரையும் காட்டில் விட்டுவிட்டு வரச் சொன்னதும் முதலில் பெற்றவள்தான். அவளும் பிற்பாடு மாற்றாந்தாயாக்கப்பட்டாள். தாய்மையின் மேல் கறை படக் கூடாது என்று தம்பி வில்ஹெல்ம் நினைத்திருக்கிறார். கோபுரத்தில் அடைபட்டு, தன் நீளக் கூந்தலால் ஆட்களை மேலே தூக்கும் ரபன்ஸலின் கதை இன்னும் சுவாரசியமானது. முதல் பதிப்பில் அவள், என் உடைகள் ஏன் இறுகிப்போகின்றன என்று வெள்ளந்தியாகக் கேட்பாள்; அதிலிருந்து அவள் கர்ப்பம் என்று காவல்காரிக்குத் தெரிந்துவிடும். பிள்ளைகள் படிக்கும் புத்தகத்தில் இது ஆகாது என்று விமர்சனம் வந்தது. கடைசிப் பதிப்பில் அவள், இளவரசனைவிட உங்களைத் தூக்குவது ஏன் இவ்வளவு கனமாக இருக்கிறது என்று வாய் தவறிக் கேட்டு மாட்டிக்கொள்கிறாள். 1812க்கும் 1857க்கும் இடையில் ஏழு பதிப்புகள். மறுபுனைவு புத்தகத்துக்குள்ளேயே நடந்துகொண்டிருந்தது. கதை சொன்னவர்களிலும் பலர் நாட்டுப்புறத்துப் பாட்டிகள் இல்லை. நகரத்துப் படித்த குடும்பங்களின் இளம்பெண்கள். அவர்களில் ஹாசன்ஃப்ளுக் சகோதரிகள் பிரான்சிலிருந்து வந்த புராட்டஸ்டன்ட் மரபைச் சேர்ந்தவர்கள். பெரோவின் கதைகள் அவர்கள் வழியாக ஜெர்மன் மண்ணின் கதைகளோடு வந்து கலந்திருக்கின்றன. முதல் பதிப்பில் இருந்த, மனைவிகளைக் கொல்லும் நீலத்தாடியின் கதையை இது பிரெஞ்சுச் சரக்கு என்று இரண்டாம் பதிப்பில் எடுத்துவிட்டார்கள். சிவப்புத் தொப்பிச் சிறுமி மட்டும் தங்கிவிட்டாள்.

சிண்ட்ரெல்லாவிலும் இதே நிலைமைதான். 9ஆம் நூற்றாண்டுச் சீன நூல் ஒன்றில் யே சியன் என்ற பெண் மீன் எலும்புகளிடம் வரம் கேட்டுத் தங்கச் செருப்பு அணிந்து விழாவுக்குப் போகிறாள். 1893இல் மரியன் ரோல்ஃப் காக்ஸ் இந்தக் கதையின் 345 வடிவங்களைத் திரட்டி ஒரே புத்தகமாக வெளியிட்டார். இதில் எதை மூலம் என்பது?

சிவப்புத் தொப்பிச் சிறுமியின் முடிச்சு, ஓநாயிடமிருந்து அவள் எப்படித் தப்புகிறாள் என்பது. பெரோவின் கதையில் அவள் தப்புவதே இல்லை. ஓநாய் தின்றுவிடுகிறது, கதை முடிகிறது. கடைசியில் ஒரு பாட்டு வருகிறது: இனிமையாகப் பேசிக்கொண்டு பெண்களின் பின்னால் வீடுவரை வரும் ஓநாய்கள்தான் எல்லாவற்றிலும் ஆபத்தானவை என்று. கிரிம் கதையில் வேடன் வந்து ஓநாயின் வயிற்றைக் கிழித்துப் பாட்டியையும் பேத்தியையும் வெளியே எடுக்கிறான். ஆனால் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் பிரெஞ்சு நாட்டுப்புறத்தில் பதிவான ஒரு வாய்மொழி வடிவத்தில் வேடனும் இல்லை, சிவப்புத் தொப்பியும் இல்லை. படுக்கையில் கிடப்பது பாட்டி இல்லை என்று தெரிந்ததும், வெளிக்கு வருகிறது என்கிறாள் சிறுமி. படுக்கையிலேயே போ என்கிறது ஓநாய். இல்லை, வெளியேதான் போக வேண்டும் என்று அடம்பிடிக்கிறாள். சரி என்று அது அவள் காலில் கயிறு கட்டி அனுப்புகிறது. அவள் முற்றத்தில் கயிற்றை அவிழ்த்துப் பிளம் மரத்தில் கட்டிவிட்டு வீட்டுக்கு ஓடிவிடுகிறாள். யாரும் வந்து காப்பாற்றவில்லை. வாயாடித்தனம் காப்பாற்றியது.

ஆங்கில எழுத்தாளர் ஏஞ்சலா கார்ட்டரின் 1979 கதைத் தொகுப்பு, ‘தி ப்ளடி சேம்பர்’, இந்த விஷயத்தில் ஒரு திருப்பம். அதற்கு முன்பு கார்ட்டர் பெரோவின் கதைகளை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்திருந்தார். பழைய கதையை நவீனமாக்குவது தன் வேலை இல்லை, கதைக்குள் ஏற்கெனவே புதைந்து கிடப்பதை வெளியே எடுப்பதே வேலை என்ற கருத்தில் உறுதியாக இருந்தவர். அவருடைய ஓநாய்க் கதையில், உன்னைத் தின்னத்தான் இவ்வளவு பெரிய பல் என்று கேட்டதும் அந்தப் பெண் வாய்விட்டுச் சிரித்துவிடுகிறாள். தான் யாருக்கும் இரை இல்லை என்பது அவளுக்குத் தெரியும். ஓநாயின் சட்டையைக் கழற்றி நெருப்பில் போடுகிறாள். இதை நீல் ஜோர்டன் 1984இல் படமாக எடுத்தார், திரைக்கதையில் கார்ட்டரும் சேர்ந்து எழுதினார். இது புரட்சி என்று பலர் எழுதியிருக்கிறார்கள். எனக்கோ அந்தப் பிளம் மரத்துக் கயிறு ஞாபகம் வருகிறது. பெரோவும் கிரிம் சகோதரர்களும் பறித்துக்கொண்ட சாமர்த்தியத்தைக் கார்ட்டர் அவளுக்குத் திருப்பிக் கொடுத்திருக்கிறார்.

அதே தொகுப்பின் தலைப்புக் கதை நீலத்தாடிக் கதையின் மறுபுனைவு. பெரோவின் கதையில் புதுமனைவி விலக்கப்பட்ட அறையைத் திறந்து, முந்தைய மனைவிகளின் பிணங்களைப் பார்த்துவிடுகிறாள். சாவியில் ரத்தக் கறை. ஒரு பக்கம் தேய்த்தால் மறு பக்கம் தெரியும் மந்திரச் சாவி அது. கணவன் கத்தியை ஓங்கும்போது அவளுடைய அண்ணன்கள் குதிரையில் வந்து அவனைக் கொல்கிறார்கள். பெரோ அதற்குச் சொன்ன நீதி, பெண்களின் ஆர்வம் ஆபத்தானது என்பது. அத்தனை பெண்களைக் கொன்றவனைப் பற்றி அந்த நீதியில் ஒன்றும் இல்லை. கார்ட்டரின் கதையில் காப்பாற்ற வருவது அம்மா. மகள் புகுந்த வீட்டிலிருந்து தொலைபேசியில் பேசுகிறாள், குளியலறையில் தங்கக் குழாய்கள் இருப்பதாகச் சொல்லிவிட்டு அழுதுவிடுகிறாள். தங்கக் குழாய்க்காக யாராவது அழுவார்களா? அந்த ஒரு அழுகையை வைத்தே ஏதோ சரியில்லை என்று புரிந்துகொண்டு அம்மா உடனே ரயில் ஏறிவிடுகிறாள். கடைசியில் கடல் அலைகளுக்கு நடுவே குதிரையில் பாய்ந்து வந்து, இறந்துபோன கணவனின் துப்பாக்கியால் மருமகனைச் சுட்டு வீழ்த்துகிறாள். குதிரையில் அண்ணன்களுக்குப் பதில் அம்மா, மாற்றம் அவ்வளவுதான். கதையின் மற்ற எலும்புகள் எல்லாம் அப்படியே இருக்கின்றன. அந்த ஒரு மாற்றத்தில், மகளின் குரலைக் கேட்டே எல்லாவற்றையும் புரிந்துகொள்ளும் தாய் என்ற பாத்திரம் தேவதைக் கதைக்குள் திரும்பி வந்துவிடுகிறாள். வில்ஹெல்ம் கிரிம் கெட்ட தாய்களை மாற்றாந்தாய்களாக்கியபோது, நல்ல தாய்கள் எல்லாரும் கதை தொடங்கும் முன்பே செத்துப்போயிருந்தார்கள் என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

ஆண்டர்சன் கதைகளில் மட்டும் நான் முதலில் சொன்னது அப்படியே பொருந்தாது. ‘குட்டி கடற்கன்னி’ 1837இல் ஒரு மனிதர் உட்கார்ந்து எழுதிய கதை. அதற்கு மூலம் உண்டு. அவள் நாக்கைக் கொடுத்துக் கால்களை வாங்குகிறாள். ஒவ்வோர் அடியும் கத்தி மேல் நடப்பதுபோல வலிக்கிறது. இளவரசன் வேறொருத்தியை மணக்கிறான். அவனைக் குத்திக் கொன்றால் கடலுக்குத் திரும்பலாம் என்று அக்காமார் தங்கள் கூந்தலைக் கொடுத்து வாங்கிய கத்தியை நீட்டுகிறார்கள். அவள் கத்தியைக் கடலில் எறிந்துவிட்டு நுரையாகிறாள், பிறகு காற்றின் மகள்களில் ஒருத்தியாகிறாள். அவளுக்கு இளவரசன் மட்டும் வேண்டியிருக்கவில்லை. மனிதர்களுக்கு உள்ளது போன்ற அழியாத ஆன்மா வேண்டும் என்பதும் அவள் ஆசை. 1989இன் டிஸ்னி படம் ஆன்மாவை விட்டுவிட்டது. பதிலுக்கு என்ன சேர்த்தது தெரியுமா? மூன்றாம் நாள் சூரியன் மறைவதற்குள் இளவரசன் முத்தமிட வேண்டும் என்ற கெடு. இங்கேயும் முத்தம்தான். பாடல்கள் எவ்வளவு நன்றாக இருந்தாலும், இந்த ஒரு படத்தில் மட்டும் இழப்பு என்ற சொல்லை நான் பயன்படுத்துவேன்.

2012ஆம் ஆண்டு ஸ்னோ ஒயிட்டை வைத்து மூன்று படங்கள் வந்தன. பழைய கதைக்கு யாரும் உரிமம் வாங்க வேண்டியதில்லை, பெயரும் எல்லாருக்கும் தெரியும் என்பதால் இப்படி ஒரே நேரத்தில் பலர் ஒரே கதைக்குப் போய்விடுவது உண்டு. தர்செம் சிங் இயக்கிய ‘மிரர் மிரர்’ படத்தில் மந்திரத்தில் சிக்கியிருப்பது இளவரசன். அவனை முத்தமிட்டு விடுவிப்பவள் ஸ்னோ ஒயிட். ‘ஸ்னோ ஒயிட் அண்ட் தி ஹன்ட்ஸ்மன்’ படத்தில் பிரபு வீட்டுப் பையனின் முத்தம் பலிப்பதில்லை, குடிகார வேடனின் முத்தத்தில் அவள் எழுகிறாள். ஒன்று ஆளை மாற்றியது, இன்னொன்று சாதாரண மனிதனைக் கொண்டுவந்தது. மூன்றாவது படம் ஸ்பெயினின் பாப்லோ பெர்கர் எடுத்த ‘ப்ளாங்காநீவஸ்’. கறுப்பு வெள்ளை, பேச்சே இல்லாத படம். கதை 1920களின் செவில் நகரத்தில் நடக்கிறது. அவள் காளையோடு மோதும் வீரனின் மகள், தானும் வீராங்கனையாகிறாள். ஆப்பிளைத் தின்று விழுந்தவளைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்து ஊர் ஊராகக் காட்சிப் பொருளாக்குகிறார்கள். காசு கொடுத்தால் முத்தமிட்டுப் பார்க்கலாம், எழுந்தால் உங்கள் அதிர்ஷ்டம். ஆண்கள் வரிசையில் நிற்கிறார்கள். இரவில், கூட்டம் போன பிறகு, அவளை நேசித்த குள்ளன் ஒருவன் அவள் தலையை வாரி, உதட்டுக்குச் சாயம் பூசி, முத்தமிட்டுவிட்டுப் பக்கத்திலேயே படுத்துக்கொள்கிறான். அவள் எழவில்லை. கண்ணோரத்தில் ஒரு துளி கண்ணீர் மட்டும் வழிகிறது.

இவ்வளவு கடுமையாக அந்த முத்தத்தை வேறு எந்தப் படமும் விசாரித்ததாக எனக்குத் தெரியவில்லை. நம்மையும் அந்த வரிசையில் கொண்டுபோய் நிறுத்திவிடுகிறார் பெர்கர். 1937இலிருந்து அந்த முத்தத்துக்காக டிக்கெட் வாங்கியவர்கள்தானே எல்லாரும்.

கதையை ஒரு குறிப்பிட்ட காலத்துக்கும் ஊருக்கும் கொண்டுபோய் வைப்பது எளிய உத்தி போலத் தெரியும். உடையையும் கட்டடத்தையும் மாற்றுவதோடு நின்றுவிட்டால் அது அலங்காரம்தான். வைக்கிற இடம் முடிச்சை இறுக்க வேண்டும். கில்லெர்மோ டெல் டோரோ 2022இல் பினோக்கியோவை முசோலினியின் இத்தாலிக்குக் கொண்டுபோனார். கொலோதி எழுதிய கதையில் பொம்மைப் பையன் சொன்னபடி கேட்கக் கற்றுக்கொண்டு மனிதனாகிறான். எல்லாரும் ஒரே மாதிரி சல்யூட் அடிக்கும் நாட்டில் சொன்னபடி கேட்பது என்றால் என்ன? அந்த ஊரில் கீழ்ப்படியாத பொம்மைதான் மனிதன்போல நடந்துகொள்கிறது. நவோமி நோவிக்கின் ‘ஸ்பின்னிங் சில்வர்’ நாவலும் இந்த வகை. வைக்கோலைப் பொன்னாக்கும் ரம்பல்ஸ்டில்ட்ஸ்கின் கதையை வட்டிக்குக் கடன் கொடுக்கும் யூதரின் மகள் பக்கமிருந்து தொடங்குகிறது: இந்தக் கதையே கடனைத் திருப்பித் தராமல் ஏமாற்றுவதைப் பற்றியதுதான் என்கிறாள் அவள். கிரிம் தொகுப்பில் ஒரு யூதரை முள்ளுக்குள் ஆடவிட்டு ரசிக்கும் கதை ஒன்று இருப்பதை அறிந்தவர்களுக்கு அந்தத் தொடக்கம் சுரீரென்று தைக்கும்.

என்னை மிகவும் உலுக்கிய மறுபுனைவு ஜேன் யோலன் 1992இல் எழுதிய ‘பிரையர் ரோஸ்’ என்ற நாவல். ஒரு பாட்டி தன் பேத்திகளுக்குத் தூங்கும் அழகி கதையைத் திரும்பத் திரும்பச் சொல்கிறாள். அவளுக்கு வேறு கதையே தெரியாது. அவள் சொல்லும் கதையில் சில விஷயங்கள் விசித்திரமாக இருக்கின்றன. சூனியக்காரி கறுப்பு பூட்ஸ் போட்டிருக்கிறாள், தொப்பியில் வெள்ளிக் கழுகுகள். எல்லாரையும் தூங்க வைப்பது ஒரு மூடுபனி. இளவரசி ஒருத்திதான் எழுகிறாள். கோட்டையில் மற்ற யாரும் எழுவதில்லை. சாகும் தறுவாயில் பாட்டி, நான்தான் அந்த இளவரசி என்கிறாள். பேத்தி அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு போலந்துக்குப் போகிறாள். மூடுபனி என்பது நாஜிகளின் கெல்ம்னோ வதைமுகாமில் ஆட்களை வண்டிக்குள் அடைத்துக் கொன்ற நச்சுப்புகை. குழியில் பிணங்களோடு கொட்டப்பட்ட இளம்பெண் ஒருத்திக்கு இன்னும் உயிர் இருப்பதைக் காட்டில் பதுங்கியிருந்த போராளிகள் பார்க்கிறார்கள். அவர்களில் ஒருவன் அவள் வாயோடு வாய் வைத்து மூச்சை ஊதுகிறான். அதுதான் முத்தம். அவளுக்குப் பழைய பெயர்கூட நினைவில்லை, இந்த ஒரு கதைதான் நினைவிருக்கிறது. அதனால் தன் வாழ்க்கையை அந்தக் கதையின் சொற்களாலேயே பேத்திகளிடம் சொல்லிவிட்டுப் போகிறாள். கெல்ம்னோவிலிருந்து எந்தப் பெண்ணும் தப்பியதாகத் தனக்குத் தெரியவில்லை என்று யோலனே நூலின் இறுதியில் எழுதியிருக்கிறார். தேவதைக் கதை வடிவம் இங்கே எதற்குத் தேவைப்பட்டது என்று கேட்பவர்களுக்கு அந்த வரியே பதில். நடக்க வாய்ப்பில்லாத ஒரு பிழைப்பைச் சொல்ல வேறு எந்த வடிவம் இடம் கொடுக்கும்?

ஸ்னோ ஒயிட்டிடம் ஒரு விஷயம் மிச்சம் இருக்கிறது. சவப்பெட்டியைச் சுமந்தவர்களின் கால் தடுக்கியதாக முதலில் சொன்னேன். அது 1857 பதிப்பில் உள்ளபடி. 1812 பதிப்பில் இளவரசன் அந்தப் பெட்டியைப் பார்க்காமல் ஒரு வேளைகூட இருக்க முடியாதவனாக இருக்கிறான். அவன் எந்த அறைக்குப் போனாலும் வேலையாட்கள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே போக வேண்டும். ஒரு நாள் அவர்களில் ஒருவனுக்குப் பொறுமை போய்விடுகிறது. பெட்டியைத் திறந்து அவளை நிமிர்த்தி, செத்துப்போன ஒரு பெண்ணுக்காக நாள் முழுக்க நாங்கள் உழைத்துச் சாக வேண்டியிருக்கிறதே என்று கத்திக்கொண்டே முதுகில் ஓங்கி ஓர் அடி வைக்கிறான். ஆப்பிள் துண்டு வெளியே வந்து விழுகிறது. அவள் எழுந்து உட்காருகிறாள். அவளை எழுப்பியவன் அந்த வேலையாள். அவனுக்குப் பெயர் இல்லை, அடுத்த வரியிலிருந்து அவனைப் பற்றிப் பேச்சும் இல்லை. அவன் கதையை யாராவது எழுதினால் முதல் ஆளாக வாங்கிப் படிப்பேன்.